கருமுட்டையின் தரம் பார்க்கும் மரபணுப் பெக்கேஜ்: எடுத்துப் பார்த்தவள் சொல்கிறேன்

நான் ஹட்டனில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் இரத்தம் எடுப்பது, மெஷினில் வைப்பது, பின்னேரம் ரிப்போர்ட் கொடுப்பது. பல வருடமாக இதே வேலைதான். வயது 37. பிள்ளை தங்காததால் நானும் வீட்டுக்காரரும் கண்டியில் ஒரு குழந்தைப்பேற்றுச் சிகிச்சை நிலையத்துக்குப் போய் வருகிறோம். அங்கே ஐவிஎஃப் (முட்டையை வெளியே எடுத்து ஆய்வுகூடத்தில் கருக்கட்ட வைக்கும் சிகிச்சை) கட்டணத்துக்கு மேலே தனி விலையில் ஒரு பெக்கேஜ் கொடுக்கிறார்கள். கருமுட்டையின் தரத்தை மரபணு மூலம் பார்த்துச் சொல்லும் பெக்கேஜ் என்கிறார்கள். அதை எடுத்தோம்.

நிலையத்தின் பெயரைப் போடவில்லை. நான் சொல்ல வருவது அந்தப் பரிசோதனையைப் பற்றித்தான். பொகவந்தலாவையில் இருந்தும் மஸ்கெலியாவில் இருந்தும் இரத்தம் கொடுக்க வரும் பிள்ளைகள், “அக்கா, நீங்க அதை எடுத்தீங்களாமே, நாங்களும் எடுக்கவா?” என்று கேட்கிறார்கள். பின்னால் வரிசையில் ஆள் நிற்கும்போது ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயமா இது? அதனால்தான் எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முட்டை எடுத்த விதம், அதைக் கையாண்ட ஆய்வுகூடம், அங்கே முட்டையையும் கருவையும் கவனிக்கும் முளையவியலாளர் ஆகியவற்றுக்கு ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன். மரபணுப் பெக்கேஜுக்கு ஐந்துக்கு ஒன்றரை. அந்த ஒன்றரையும் ஒரு குறிப்பிட்ட பிரச்சினை உள்ள பெண்களுக்காக. அது என்ன பிரச்சினை என்று பிறகு வருகிறேன்.

பெக்கேஜின் முதல் பக்கத்தில் ஏஎம்எச் இருக்கிறது. இது மரபணுப் பரிசோதனையே கிடையாது, ஓமோன் பரிசோதனை. சூலகத்தில் முட்டை வளரும் சின்னச் சின்னப் பைகள் இருக்கின்றன. அவற்றில் உள்ள கலங்கள்தான் இந்த ஓமோனைச் சுரக்கின்றன. பைகள் நிறைய இருந்தால் அளவு கூடும், குறைய இருந்தால் குறையும். ஊசி போட்டால் ஏறத்தாழ எத்தனை முட்டை கிடைக்கும், மருந்து எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று டொக்டர் தீர்மானிக்க இது நன்றாக உதவும். கிடைக்கும் முட்டை நல்ல முட்டையா என்று இது சொல்லாது. 2017இல் ஜாமா மருத்துவ சஞ்சிகையில் ஒரு ஆய்வு வந்தது. பிள்ளைக்கு முயற்சி செய்யத் தொடங்கிய, 30 முதல் 44 வயது வரையான 750 பெண்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். முன்பு கருத்தரிப்புப் பிரச்சினை இருந்தவர்களைச் சேர்க்கவில்லை. ஏஎம்எச் குறைவாக இருந்தவர்களும் மற்றவர்களைப் போலவே இயற்கையாகக் கருத்தரித்தார்கள்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஏஎம்எச் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிய இடத்திலேயே அழுத பெண்களை நான் பார்த்திருக்கிறேன். “முட்டையெல்லாம் கெட்டுப் போச்சாம் அக்கா” என்று ஒரு பிள்ளை சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது. அவளுக்கு அதைச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தாளில் இருந்த எண் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் பெக்கேஜின் அச்சிட்ட தாளிலும் ஏஎம்எச்சை “முட்டைத் தரம்” என்ற தலைப்பின் கீழ்தான் போட்டிருக்கிறார்கள். படித்த மனிதர்கள் நடத்தும் இடத்தில் இப்படி ஒரு தலைப்பு இருப்பது சரியில்லை. அதை அவர்களிடம் நேரிலும் சொன்னேன்.

சரி, தரம் என்றால் என்ன? பெரும்பாலும் நிறமூர்த்தக் கணக்குத்தான், அதாவது மரபணுக்களைச் சுமக்கும் நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) சரியான எண்ணிக்கையில் இருக்கின்றனவா என்பது. ஒரு பெண்ணின் முட்டைகள் எல்லாம் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. பிறக்கும்போது பத்து முதல் இருபது லட்சம் வரை இருக்கும். பெரியவளாகும்போது மூன்று நான்கு லட்சம் மிஞ்சும். இவை எல்லாம் ஒடுக்கற்பிரிவின் (நிறமூர்த்தங்கள் பாதியாகக் குறையும் கலப்பிரிவின்) நடுவில் அப்படியே நின்று, தங்கள் முறை வரும்வரை வருடக்கணக்காகக் காத்திருக்கின்றன. அவ்வளவு காலமும் நிறமூர்த்தங்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது கொஹீசின் என்ற புரதம். வயது போகப் போக அந்தப் பிடி தளர்கிறது. பிறகு முட்டை முதிர்ந்து பிரியும்போது ஒரு நிறமூர்த்தம் கூடியோ குறைந்தோ போய்விடும். 15,000க்கும் மேற்பட்ட முளையங்களை (கருக்கட்டி வளரத் தொடங்கிய கருக்களை)ச் சோதித்து 2014இல் வெளியான ஆய்வில், இந்தப் பிழை மிகக் குறைவாக இருந்தது 26 முதல் 30 வயதுக்குள். 35க்குப் பிறகு வேகமாக ஏறி, 42, 43 வயதில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலே போய்விட்டது.

ஆகவே முட்டையின் தரத்தைக் காட்டும் மிகப் பெரிய அடையாளம் வயதுதான். அதைத் தெரிந்துகொள்ள யாரும் பணம் கட்டத் தேவையில்லை. இதை நான் 37 வயதில் எழுதுகிறேன், மனதுக்குக் கஷ்டமான விஷயம்தான். ஆனால் “உங்கள் வயது 37, ஆனால் உங்கள் முட்டையின் மரபணு வயது வேறு” என்கிற மாதிரி யாராவது பேசினால் நம்பிவிடாதீர்கள்.

இனி பெக்கேஜின் நடுப்பகுதி. விலையில் பெரும் பங்கு இதற்குத்தான். சூலகத்தில் இருந்து எடுக்கும் முட்டை தனியாக வராது. அதைச் சுற்றி மேகம் போல ஒரு கூட்டம் கலங்கள் ஒட்டியிருக்கும். கியூமுலஸ் கலங்கள் என்று பெயர். விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறையில், இந்தக் கலங்களை எப்படியும் கழற்றி எறிந்துவிடுவார்கள். எறியப் போவதை எடுத்துச் சோதித்தால் முட்டைக்கு ஒரு கீறலும் விழாது. யோசனை உண்மையிலேயே அழகானது. பிள்ளையைத் தொடாமல், பிள்ளை வளர்ந்த வீட்டைப் பார்த்துப் பிள்ளையைப் பற்றி அறிந்துகொள்வது போல.

வீட்டுக்கும் பிள்ளைக்கும் தொடர்பு இருப்பது உண்மை. முட்டை ஜிடிஎஃப்9, பிஎம்பி15 என்ற புரதங்களைச் சுரந்து, சுற்றியுள்ள கலங்களுக்கு இதைச் செய் அதைச் செய் என்று செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தால் கலங்களில் சில மரபணுக்கள் விழிக்கும். அவற்றில் மூன்று பெயர்களை எங்கள் ரிப்போர்ட்டிலும் பார்த்தேன்: எச்ஏஎஸ்2, பிடிஜிஎஸ்2, கிரெம்1. முதலாவது, அந்த மேகத்தை விரியச் செய்யும் பசை போன்ற பொருளைத் தயாரிக்கும். இரண்டாவது புரோஸ்டாகிளாண்டின் தயாரிப்பில் சேரும். அமெரிக்காவில் ஒரு ஆய்வுக் குழு 2004இலேயே இந்த மூன்றையும் அளந்து, நல்ல முளையமாக வளர்ந்த முட்டைகளைச் சுற்றியிருந்த கலங்களில் இவற்றின் செயற்பாடு கூடுதலாக இருந்தது என்று எழுதியது. அதன் பிறகு பல குழுக்கள் வேறு வேறு மரபணுக்களை எடுத்துப் பார்த்தன. ஒரு குழு நல்ல அடையாளம் என்று சொன்னது இன்னொரு குழுவின் கையில் நிற்கவில்லை. போட்ட ஊசி மருந்து, பெண்ணின் உடல்நிலை, கலம் எடுத்த நேரம் என்று பலதும் இந்த அளவை மாற்றும். 20 வருடம் கடந்தும் இது எல்லாச் சிகிச்சை நிலையங்களிலும் வழக்கமாகச் செய்யும் பரிசோதனையாக வரவில்லை என்பதற்குக் காரணம் அதுதான்.

எங்களுக்கு வந்த ரிப்போர்ட்டில் ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு புள்ளி, பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம். பார்க்க மிகத் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவுதான் எனக்குப் பயம். நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு சாதாரண சீனிப் பரிசோதனைக்குக்கூடத் தினமும் காலையில் முதலில் கொன்ட்ரோல், அதாவது அளவு ஏற்கெனவே தெரிந்த மாதிரி, ஓட்டிப் பார்ப்போம். அது சரியாக வந்த பிறகுதான் நோயாளியின் இரத்தம் உள்ளே போகும். ரிப்போர்ட்டில் சாதாரண அளவு இவ்வளவு என்று அடிப்போம், அந்த அளவு எப்படி வந்தது என்று கேட்டால் காட்டுவோம். இந்த நிறங்கள் எந்த எல்லையில் மாறுகின்றன, அந்த எல்லையை எத்தனை பெண்களின் முட்டைகளை வைத்துத் தீர்மானித்தார்கள், அந்தப் பெண்களில் எத்தனை பேருக்குப் பிள்ளை பிறந்தது? மூன்றும் நான் கேட்ட கேள்விகள். நிலையத்தில் இருந்தவர்கள் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு எழுதிக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். வந்த பதில் அதே அச்சிட்ட தாளின் நீண்ட வடிவம்.

இன்னொன்று. மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளப்பதற்கு, மரபணுவின் செய்தியைக் கலத்துக்குள் கொண்டு செல்லும் ஆர்என்ஏவை எடுக்க வேண்டும். ஆர்என்ஏ மிக எளிதில் சிதையும். எடுத்த நிமிடத்திலேயே பாதுகாப்புத் திரவத்தில் போட்டு, உறைய வைத்து, அந்தக் குளிர் குறையாமல் கொண்டு போக வேண்டும். எங்கள் மாதிரி விமானம் ஏறிப் போனது. போன வழியில் வெப்பநிலை என்னவாக இருந்தது என்ற பதிவு ரிப்போர்ட்டோடு வரவில்லை. கேட்டு வாங்கினேன். கேட்காதவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

எல்லாவற்றையும் விட முக்கியமான குறை நேரம். முட்டை எடுத்த மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ முளையத்தைக் கருப்பைக்குள் வைப்பார்கள். மரபணு ரிப்போர்ட் வர வாரக்கணக்கில் ஆகும். அப்படியானால் எல்லா முளையங்களையும் உறைய வைத்துவிட்டுக் காத்திருந்தால்தான் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து எதை முதலில் வைப்பது என்று தீர்மானிக்க முடியும். பணம் கட்டும் முன்பே நான் நாளைக் கேட்டதால் எங்களுடையதை உறைய வைத்தார்கள். பண்டாரவளைப் பக்கத்தில் இருந்து வந்த ஒரு தம்பதியைக் காத்திருக்கும் இடத்தில் சந்தித்தோம். அவர்களுக்கு முளையம் வைத்து முடிந்த பிறகுதான் ரிப்போர்ட் வந்திருக்கிறது. வைத்த முளையம் வந்த முட்டைக்கு மஞ்சள் நிறம். அந்தத் தங்கச்சி ரிப்போர்ட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கர்ப்பம் தங்கியதா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனை நாள் வரை அதையே நினைத்துக்கொண்டு இருந்தாள். முடிவெடுத்த பிறகு வரும் ரிப்போர்ட்டால் யாருக்கு என்ன பயன்? அதைக் காசுக்குக் கொடுத்தது தவறு என்றே நினைக்கிறேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.

அந்த ஒன்றரைப் புள்ளிக்கு இப்போது வருகிறேன். பெக்கேஜின் கடைசிப் பகுதி ஒரு இரத்தப் பரிசோதனை. முட்டையில் வேலை செய்யும் சில மரபணுக்களில் பிறவியிலேயே பிழை இருக்கிறதா என்று பார்ப்பது. இதற்குப் பின்னால் உறுதியான அறிவியல் இருக்கிறது. சில பெண்களுக்கு எத்தனை முறை ஊசி போட்டு எடுத்தாலும் முட்டை முதிராமலே வரும். வயது குறைவாக இருக்கும், ஏஎம்எச் நன்றாக இருக்கும், முட்டை நிறையக் கிடைக்கும், ஆனால் ஒன்றும் முதிர்ந்திருக்காது. சீனாவில் இப்படிப்பட்ட 24 குடும்பங்களைச் சோதித்துப் பார்த்ததில் 7 குடும்பங்களில் டியூபிபி8 என்ற மரபணுவில் பிழை இருந்ததை 2016இல் வெளியிட்டார்கள். முட்டை பிரியும்போது நிறமூர்த்தங்களை இரு பக்கமும் இழுக்கும் நூல்களுக்கான புரதத்தைத் தருவது இந்த மரபணு. தகப்பனிடம் இருந்தும் வரலாம். தகப்பனுக்கு எந்தக் குறையும் தெரியாது, ஏனென்றால் இது முட்டையில் வேலை செய்கிற மரபணு. முட்டையின் வெளி உறையே இல்லாமல் வரும் ஒரு குடும்பத்தில் ஸெட்பி1 என்ற மரபணுவில் பிழை கண்டதை 2014இல் எழுதினார்கள். இக்சி செய்தும் ஒரு முட்டையும் கருக்கட்டாத சில பெண்களில் வீ2 என்ற மரபணுவில் பிழை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

இந்த வகைப் பிரச்சினை அரிது. ஆனால் அந்த அரிதான ஒரு பெண்ணுக்கு இந்தப் பரிசோதனை பெரிய காரியம். திரும்பத் திரும்ப ஊசி போட்டு, திரும்பத் திரும்பக் கடன் வாங்கி, ஒவ்வொரு முறையும் “உனக்கு முட்டை சரியில்லை” என்று கேட்டுக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, காரணம் இதுதான், தானமுட்டை பற்றி யோசிக்கலாம் என்று அவளுக்கு ஒரு பதில் கிடைக்கும். அதேபோல் 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நிற்கும் குடும்பங்களில் எஃப்எம்ஆர்1 மரபணுவைப் பார்ப்பதற்கும் நல்ல காரணம் உண்டு. அதில் ஒரு பகுதி 55 முதல் 200 முறை வரை திரும்பத் திரும்ப வந்தால், அப்படிப்பட்ட பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சூலகம் சீக்கிரமே ஓய்ந்துபோகிறது. பிள்ளைக்கும் பரம்பரையாகப் போகும் விஷயம் என்பதால் முன்பே தெரிந்திருப்பது நல்லது. இந்த இரண்டு வகையினரும் இந்தப் பகுதியை மட்டும் தனியாகக் கேட்டு எடுங்கள். முழுப் பெக்கேஜை எடுத்தால்தான் இதைச் செய்வோம் என்றார்கள் என்றால் வேறு இடம் பாருங்கள். எனக்கு இந்தப் பிழைகள் ஒன்றும் இல்லை. எடுத்த முட்டைகளில் பாதிக்கு மேல் முதிர்ந்தவையாக வந்தபோதே அது ஏறத்தாழத் தெரிந்த விஷயம்தான்.

முளையத்தில் இருந்தே கலம் எடுத்து நிறமூர்த்தம் எண்ணும் பிஜிடி-ஏ பரிசோதனையையும் கேட்டார்கள். அதை நாங்கள் எடுக்கவில்லை. 2019இல் வெளிவந்த பெரிய ஆய்வில், 25 முதல் 40 வயது வரையான 661 பெண்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்த மாதிரி இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். சோதித்து வைத்தவர்களில் 50 வீதம், சோதிக்காமல் கண்ணால் பார்த்து வைத்தவர்களில் 46 வீதம் கர்ப்பம் தொடர்ந்தது. அந்த இடைவெளி தற்செயலாகவும் வரக்கூடியது. முட்டை முதிரும்போது வெளியே தள்ளும் சின்னக் குமிழான முனைவுடலை எடுத்துச் சோதிக்கும் முறையை ஐரோப்பாவில் 36 முதல் 40 வயது வரையான பெண்களிடம் பார்த்து 2018இல் எழுதினார்கள். பிள்ளை பிறந்தது இரண்டு பக்கமும் 24 வீதம்தான். ஆனால் கருச்சிதைவு 14 வீதத்தில் இருந்து 7 வீதமாகக் குறைந்தது. என் வயதில் இது சின்ன விஷயமில்லை. கரு கலைந்து கலைந்து மனம் ஒடிந்தவர்கள் டொக்டரிடம் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது. சோதனை ஒரு முட்டையையும் நல்லதாக மாற்றாது, இருப்பதில் தெரிவு செய்ய மட்டும் உதவும் என்பதை அந்தப் பேச்சில் மறந்துவிடக் கூடாது.

இனி சேவையைப் பற்றி. டொக்டரைச் சனல் பண்ணி உள்ளே போனால் அவசரப்படுத்துவதில்லை. முதல் நாளே வீட்டுக்காரரின் விந்துப் பரிசோதனையைக் கேட்டார்கள். இதற்காகவே நான் அவர்களை மெச்சுகிறேன். எங்கள் பக்கத்தில் பிள்ளை இல்லை என்றால் பெண்ணைத்தான் கோயிலுக்கும் பரிகாரத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் இழுத்துப் போவார்கள். வருடக்கணக்காக மருமகளுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு, மகனை ஒரு முறைகூடச் சோதிக்காத குடும்பங்கள் லயத்திலும் உண்டு, டவுனிலும் உண்டு. என் மாமியார் அப்படி இல்லை. “ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வாங்க, ஒருத்தர் மேல மட்டும் போடாதீங்க” என்று சொன்னவர்.

தாதிமார் அன்பானவர்கள். ஒரு சிங்கள மிஸ்ஸி எனக்குத் தெரிந்த சிங்களத்திலும் அவருக்குத் தெரிந்த தமிழிலுமாக ஊசி போடும் முறையைப் பொறுமையாகச் சொல்லித் தந்தார். நான் வேலையில் ஊசி பிடிப்பவள், எனக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் எனக்குப் பிறகு வந்த பெண்ணுக்கும் அதே பொறுமையோடு சொன்னதைப் பார்த்தேன். சம்மதப் படிவம் மட்டும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும்தான் இருந்தது. மலையகத்தில் இருந்து இவ்வளவு தமிழ்ப் பெண்கள் வந்து போகும் இடத்தில், தன் உடம்பில் இருந்து எடுக்கும் முட்டையை என்ன செய்யப் போகிறார்கள் என்ற தாளில் படிக்க முடியாமல் கையெழுத்துப் போட வைப்பது எனக்கு ஏற்கவில்லை. தமிழ்ப் படிவம் தயாரிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். மொழிபெயர்த்துத் தரவும் தயார் என்று சொல்லியிருக்கிறேன்.

நான்கரைப் புள்ளி எங்கே போகிறது என்று சொல்ல வேண்டும். முட்டை எடுத்த அன்று, மயக்கம் தெளிந்த பிறகு, முளையவியலாளர் வந்து எங்கள் இருவரையும் உட்கார வைத்துத் திரையில் ஒவ்வொரு முட்டையின் படத்தையும் காட்டினார். இது முதிர்ந்தது, பக்கத்தில் தெரிகிறதே சின்னக் குமிழ், அதுதான் முனைவுடல், அது வந்தால்தான் முட்டை தயார் என்று அர்த்தம். இது இன்னும் ஒரு படி பின்னால் நிற்கிறது. இதற்கு உறை கொஞ்சம் தடிப்பு, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். நுணுக்குக்காட்டியில் பார்ப்பது இவ்வளவுதான் சொல்லும், உள்ளே நிறமூர்த்தம் எப்படி இருக்கிறது என்று எனக்கும் தெரியாது என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்தடுத்த நாட்களில் எத்தனை கருக்கட்டின, எத்தனை ஐந்தாம் நாள் வரை வளர்ந்தன என்று தொலைபேசியில் சொன்னார்கள். முட்டையைப் பற்றி நான் உருப்படியாக அறிந்துகொண்டது எல்லாம் இதில் இருந்துதான். முதிர்ந்ததா, கருக்கட்டியதா, ஐந்தாம் நாள் வரை வந்ததா என்ற மூன்று படிகளும் ஐவிஎஃப் கட்டணத்துக்குள்ளேயே வருகின்றன. தனியாக ஒரு ரூபாயும் இல்லை.

பிள்ளை கிடைத்ததா என்று கேட்பீர்கள். பச்சை நிறம் வாங்கிய முட்டையில் இருந்து வந்த முளையத்தை முதலில் வைத்தார்கள். தங்கவில்லை. உறைய வைத்தது இன்னும் இருக்கிறது. அதற்காகத்தான் பெக்கேஜுக்குப் புள்ளி குறைத்தேன் என்று நினைக்க வேண்டாம். தங்கியிருந்தாலும் இதே புள்ளிதான் போட்டிருப்பேன். ஒரு பெண்ணின் ஒரு முளையத்தை வைத்து ஒரு பரிசோதனை நல்லதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. நிலையத்தின் சுவரில் ஒட்டியிருக்கும் பிள்ளைகளின் படங்களாலும் சொல்ல முடியாது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. பெக்கேஜுக்கு மட்டும் என்னுடைய பல மாதச் சம்பளம் போனது. தோட்டத்தில் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது 2024 செப்டெம்பரில். அப்படியான நாட்சம்பளத்தில் கொழுந்து எடுக்கும் பெண்களும் சீட்டு எடுத்து, நகையை அடகு வைத்து இந்தப் படியேறுகிறார்கள். அவர்களிடம் மேலதிகமாக ஒன்றை விற்கும்போது அது உதவும் என்று நிரூபித்துவிட்டு விற்க வேண்டும். அதே பணத்தை உறைய வைத்த முளையத்தை இன்னொரு முறை வைப்பதற்கு எடுத்து வைத்தால் பயன் கூடுதல். இதுதான் என் கவுண்டரில் கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் பதில்.

மரபணு என்ற பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கர்ப்பத்துக்கு முன்பு இலங்கையில் உண்மையிலேயே பார்க்க வேண்டியது தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய். முதலில் ஒரு சாதாரண முழுக் குருதிக் கலப் பரிசோதனை போதும். அதில் சந்தேகம் வந்தால் அடுத்தது. கணவன் மனைவி இருவரும் காவிகளாக (நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்களாக) இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வரும் வாய்ப்பு. குருநாகலில் இதற்கென்றே தேசிய நிலையம் இருக்கிறது. உங்கள் பகுதிக் குடும்ப நல மருத்துவிச்சியிடம் கேட்டால் வழி சொல்வார், போலிக் அசிட் குளிசையும் தருவார்.

ஹட்டன் பக்கத்தில் இருந்து போகிறவர்களுக்குக் கடைசியாக. முட்டையை முதிரச் செய்யும் கடைசி ஊசியை, எடுக்கும் நேரத்துக்கு ஏறக்குறைய 36 மணித்தியாலம் முன்னால் போட வேண்டும். காலையில் எடுப்பதாக இருந்தால் ஊசி முதல் நாளுக்கு முந்திய இரவில் விழும். தோட்ட மருந்தகம் அந்நேரம் மூடியிருக்கும், அதனால் போடத் தெரிந்த ஒருவரை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஹட்டனில் இருக்கிறவர்கள் என்னைத் தேடி வந்தால் நான் போட்டு விடுவேன். எடுக்கும் நாளுக்கு முதல் நாளே கண்டிக்குப் போய்த் தங்கிவிடுங்கள். கினிகத்தேனைப் பக்கம் மழையில் மண் சரிந்து பஸ் நின்றால் அந்த மணிக்கணக்குத் தவறிவிடும். வீட்டுக்குத் திரும்பும்போது முட்டைப் படங்களின் பிரதியையும், எத்தனை முதிர்ந்தன, எத்தனை கருக்கட்டின என்று எழுதிய ஆய்வுகூடத் தாளையும் கேட்டு வாங்குங்கள். வேறு டொக்டரிடம் போனாலும் அவர் முதலில் கேட்கப் போவது அந்தத் தாளைத்தான்.